பல ஆண்டுகளுக்குப் பின் பந்தயத் திடலில்



கார்ப் பந்தயம் என்றதும், இது நமக்கு எட்டாத பணக்காரர் பொழுதுபோக்கு என்று வானொலியை மூடிவிட நினைப்பவர்கள் சற்றுப் பொறுக்க வேண்டுகிறோம். செப்பாங் ஓடுதளத்துப் பெரும் பந்தயங்களைப் பற்றி நாம் பேச வரவில்லை. ஆட்டோகிராஸ் என்று ஒன்று இருக்கிறது. ஒரு பெரிய வெற்றுத் திடல். அது கார் நிறுத்துமிடமாகவும் இருக்கலாம், செம்மண் தரையாகவும் இருக்கலாம். சாலை பழுதுபார்க்கும் இடங்களில் செம்மஞ்சள் நிறக் கூம்புகள் வைப்பார்களே, அத்தகைய கூம்புகளை நெளிவும் வளைவுமாக நிறுத்திப் பாதை அமைக்கிறார்கள். பெரும்பாலும் ஒரு சமயத்தில் ஒரு வண்டிதான் ஓடும். எதிராளி கடிகாரம். அமெரிக்காவில், சாய்த்த கூம்பு ஒவ்வொன்றுக்கும் ஓடிய நேரத்தோடு 2 வினாடி சேர்த்துவிடுகிறார்கள். கோயம்புத்தூர்ப் பக்கத்தில் இதை மண் தரையிலேயே நடத்துவது வழக்கம். அன்றாடம் வேலைக்குப் போகும் வண்டியையே கொண்டுவந்து ஓட்டுவோரும் உண்டு.

ஈப்போவைச் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டுச் செம்பனையாகவும் வீடமைப்புத் திட்டங்களாகவும் மாறிய பின், லயத்தை விட்டு வந்த நம் பிள்ளைகளில் பலர் ஸ்டியரிங் பிடித்துப் பிழைக்கிறார்கள். அவர்களில் ஒருவர் எங்கள் பழைய மாணவர், லோரி ஓட்டுபவர். இருபது வயதில் ஆட்டோகிராஸ் ஓடியவர். திருமணம், குழந்தைகள், வீட்டுத் தவணை என்று விட்டுவிட்டு, நாற்பத்து நான்காம் வயதில், "மறுபடியும் ஓடலாமா சார்?" என்று எங்களிடம் வந்து கேட்டார். இதை ஏன் வாத்தியாரிடம் கேட்க வேண்டும்? மனைவியிடம் தூது அனுப்பத்தான்.

அந்த அம்மாவோ, "சார், மோட்டார் சைக்கிளை ரோட்டில் விரட்டுகிற பையன் ஒருவன் ஏற்கெனவே வீட்டில் இருக்கிறான். இப்போது இவருமா?" என்றார். அவர் கேட்டதில் நியாயம் உண்டு. மகன் வீடு திரும்பும்வரை இரவில் கண் மூடாத தாய் அவர். அவருக்குச் சொன்ன விடையைத்தான் இங்கே கொஞ்சம் விரித்துச் சொல்லப் போகிறோம்.

நடிகர் அஜித்குமாரை உங்கள் பிள்ளைகள் நன்கு அறிவார்கள். 2003இல் ஆசிய பி.எம்.டபிள்யூ. பந்தயத்திலும், 2010இல் ஃபார்முலா 2 பந்தயத்திலும் ஓடியவர் அவர். அதன்பின் பல ஆண்டுகள் ஓடவில்லை. 2024இல் சொந்தமாக ஒரு பந்தயக் குழுவை அமைத்து, 2025 ஜனவரியில் துபாயில் நடந்த 24 மணி நேரப் பந்தயத்துக்குப் போனார். அப்போது அவருக்கு வயது 53. பயிற்சியின்போது அவருடைய வண்டி தடுப்பில் மோதிச் சுழன்று நின்றது. அவர் காயமின்றி இறங்கி வந்தார். இந்தக் காட்சியைப் பலரும் கைப்பேசியில் பார்த்திருப்பீர்கள். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நாங்கள் பெரிதாக நினைக்கிறோம். 24 மணி நேரம் நீளும் போட்டியில் தம் குழுவின் போர்ஷே வண்டியைத் தாம் ஓட்டாமல் மற்ற ஓட்டுநர்களிடம் விட்டார். வேறொரு பிரிவில், வேறொரு வண்டியில் சில சுற்றுகள் மட்டும் ஓட்டினார். அவருடைய குழு தன் பிரிவில் மூன்றாவதாக வந்தது. திரும்பி வந்தவர், தாம் விட்ட இடத்திலிருந்து தொடர முயலாமல், அன்றைக்கு இருந்த நிலையைப் பார்த்து முடிவெடுத்தார். இருபது வயதில் இந்த முடிவை எடுப்பது கடினம்.

விட்டுப்போன பழக்கத்தில் எது தங்கும், எது போகும்? கைக்குப் பழகிய வேலை எளிதில் மறப்பதில்லை. பத்து ஆண்டுகள் சைக்கிளைத் தொடாதவரும் ஏறி மிதித்துவிடுவார். ஆனால் கண்டதும் காலை அழுத்தும் வேகம் வயதோடு குறைகிறது. நாற்பதுக்கு மேல் வெள்ளெழுத்தும் வந்து சேர்கிறது. கை பழைய வேகத்தைக் கேட்கும். கண்ணும் காலும் அந்த வேகத்துக்கு வாரா. இந்த இடைவெளியில்தான் கூம்பு சாய்கிறது. ஆகவே திரும்பி வருபவர் முதல் ஓட்டத்தை மெதுவாகவே ஓட வேண்டும். அதற்கும் முன்னால் பாதை முழுவதையும் காலால் நடந்து பார்க்க வேண்டும். ஓட்டும்போது பக்கத்துக் கூம்பைப் பாராமல் அடுத்த கூம்பையும் அதற்கடுத்ததையும் பார்க்க வேண்டும்.

வளைவில் வண்டி எப்படி நடந்துகொள்ளும் என்பதைக் காண்டா வாளி சுமந்தவர்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. தோளில் காண்டாக் கம்பும் இருபுறமும் பால் வாளியுமாக நடப்பவர் சட்டென்று நின்றால் பால் முன்பக்கம் தளும்பும். வெடுக்கென்று திரும்பினால் வெளிப்பக்கம் தளும்பும். காரின் பாரமும் இப்படித்தான். பிரேக் மிதித்தால் முன்சக்கரங்களில் ஏறும்; வளைத்தால் வெளிப்பக்கச் சக்கரங்களில் ஏறும். பிரேக்கையும் வளைவையும் ஒரே நேரத்தில் அளவுக்கு மீறிக் கேட்டால் டயர் பிடி விட்டுவிடும். முதலில் வேகத்தைக் குறை, பிறகு திருப்பு, வளைவு நேரான பின் மிதி என்று பழைய ஓட்டுநர்கள் சொல்வது இதனால்தான்.

டயர் என்றோமே. நம் தாய்மார் விடியற்காலையில் வெட்டி எடுத்த பாலும் கலந்து செய்த பொருள் அது. காற்றும் வெப்பமும் பட்டால் ரப்பர் நாளடைவில் இறுகுகிறது. கொட்டகையில் பல ஆண்டுகள் நின்ற காரின் டயரில் பூ தேயாமல் இருக்கலாம், பிடி போயிருக்கும். டயரின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது என்று பொருள். பந்தயத்துக்கு மட்டுமன்றி, பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச்செல்லும் வேனுக்கும் இதைப் பார்க்கலாம்.

பிரேக் எண்ணெய் இன்னும் முக்கியம். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். புதிய டாட் 4 வகை எண்ணெய் 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறியபின் 155 பாகையிலேயே கொதித்துவிடலாம். கொதித்தால் குமிழி உண்டாகும். மிதிக்கட்டை கால் வைத்த இடத்தில் அமுங்கிப் போகும். ஆகவே திரும்பி வருபவர் பழைய எண்ணெயை மாற்றாமல் திடலுக்குள் போகக்கூடாது. தலைக்கவசமும் பழையதென்றால் வேண்டாம். ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை மாற்றச் சொல்கிறார்கள். இதற்கெல்லாம் வெள்ளி செலவாகும். வீட்டில் சொல்லாமல் செய்யக்கூடிய செலவன்று. சாதாரணக் கார்க் காப்புறுதி பந்தயத்தில் நேரும் சேதத்துக்குப் பணம் தராது என்பதையும் வீட்டுக்காரருக்குத் தெரிவித்துவிட வேண்டும்.

இனி மகனைப் பற்றிய கேள்வி. பொதுச் சாலையில் அனுமதியின்றிப் பந்தயம் விடுவதை 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் தடுக்கிறது. சட்டம் கிடக்கட்டும், சாலையில் எதிரே வருவது கூம்பன்று, பாலர் பள்ளி வேன். வேகத்தின்மேல் உள்ள ஆசையைத் திட்டி அடக்க நாங்களும் முயன்றிருக்கிறோம், பலன் சொற்பமே. ஆசைக்கு ஓர் இடம் காட்ட வேண்டும். நம் நாட்டுக் கரம்ஜித் சிங், தோட்டப்புறத்துச் செம்மண் சாலை போன்ற சாலைகளில் ஓட்டியே பெயர் பெற்றவர். 2002இல் புரோட்டான் காரில் உற்பத்திக் கார்ப் பிரிவின் உலக ராலிப் பட்டத்தை வென்றார். பின்னாளில் ஆதரவாளர் இன்றிப் பட்டறை வேலை பார்த்ததையும் நாளிதழ்கள் எழுதின. இந்த விளையாட்டை நம்பிச் சோறு உண்ண முடியாது என்பதையும் இளைஞர்கள் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும்.

அந்த அம்மா ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார்: மகனையும் கூட அழைத்துப் போக வேண்டும். பையன் முணுமுணுத்துக்கொண்டுதான் போனானாம். திடலில் சும்மா நிற்க விடவில்லை. சாய்ந்த கூம்புகளை ஓடிப்போய் நிமிர்த்தும் வேலையைக் கொடுத்திருக்கிறார்கள். வண்டி எந்த இடத்தில் வழுக்குகிறது, எவர் சீக்கிரம் பிரேக் மிதிக்கிறார், எவர் தாமதிக்கிறார் என்பதெல்லாம் அந்த இடத்தில் நின்றால்தான் தெரியும். அப்பாவின் முதல் ஓட்டத்தில் மூன்று கூம்புகள் சாய்ந்தன. மூன்றையும் நிமிர்த்திவிட்டு வந்த மகன், "அப்பா, நீங்கள் பக்கத்தில் இருப்பதையே பார்த்து ஓட்டுகிறீர்கள்" என்றானாம். இரண்டாம் ஓட்டத்தில் சாய்ந்தது ஒன்று.