உட்காரச் சொல்வது யார்?



தொழிலாளி நன்றாக உழைக்க என்ன வேண்டும், உழைத்தபின் அவன் உள்ளம் நிறைவு கொள்ள என்ன வேண்டும் என்ற கேள்வியை ஆலை முதலாளிகள் கேட்கத் தொடங்கி நூறாண்டுக்கு மேல் ஆகிறது. அறிஞர்களை அமர்த்திக் கேட்டனர். கையிலே கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டனர். விளக்கை ஏற்றிப் பார்த்தனர், இறக்கிப் பார்த்தனர். விடை கிடைத்தது; ஒருமுறையல்ல, பலமுறை கிடைத்தது. கிடைத்த விடையை அவர்கள் என்ன செய்தார்கள் என்பதைத்தான் இன்று உங்களிடம் எடுத்துச் சொல்ல விழைகிறேன். அமெரிக்க நாட்டு ஆலையிலே தொடங்கி, நம் ஊர்த் துணிக்கடை வாசலிலே வந்து நிற்கும் கதை அது.

முதலில் கூலியைப் பேசிவிடுவோம். மனநிறைவு பணத்தினால் வருவதன்று என்று அறிவுரை பகரும் பெரியவர்கள் உண்டு. அவர்களிடம் சற்று எச்சரிக்கையாக இருங்கள்; அவர்கள் துறக்கச் சொல்வது பெரும்பாலும் உங்கள் பணத்தை! டெட்ராய்ட் நகரை ஒட்டிய ஹைலண்டு பார்க்கிலே, ஃபோர்டு கார்த் தொழிற்சாலை 1913 ஆம் ஆண்டு ஓடும் வரிசையை அமைத்தது. தொழிலாளி நின்ற இடத்திலே நிற்க, வேலை அவனிடம் ஓடி வந்தது. பன்னிரண்டரை மணி நேரம் பிடித்த அடிச்சட்டப் பூட்டுவேலை, அடுத்த ஆண்டிலே ஒன்றரை மணி நேரமாகச் சுருங்கிற்று. வேகம் வந்தது, ஆட்கள் ஓட்டம் பிடித்தனர். 1913 இல் அங்கே ஆள் மாற்றம் 370 விழுக்காடு. ஒருவன் நிற்க வேண்டிய இடத்திலே ஆண்டு முழுவதும் ஒருவனை நிறுத்தி வைக்க, மூன்று நான்கு பேரை அடுத்தடுத்துச் சேர்க்க வேண்டியிருந்தது என்று பொருள்.

1914 சனவரி 5 ஆம் நாள் அறிவிப்பு வந்தது: எட்டு மணி நேர வேலை, நாளொன்றுக்கு ஐந்து டாலர். அதுவரை ஒன்பது மணி நேரத்துக்குக் கிடைத்தது ஏறத்தாழ இரண்டேகால் டாலர். வாயிலிலே பல்லாயிரவர் திரண்டனர். கொட்டும் பனிக்காலத்திலே அவர்கள் மீது தண்ணீரைப் பீய்ச்சியடித்துக் கலைத்தனர். 1915 இலே ஆள் மாற்றம் 16 விழுக்காடாக இறங்கிற்று. கூலி உயர்ந்தால் ஆள் நிலைப்பான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. ஆனால் அந்த ஐந்து டாலரிலே ஏறத்தாழ பாதி, கூலி என்ற பெயரிலே தரப்படவில்லை. இலாபப் பங்கு என்ற பெயரிலே தரப்பட்டது. அதைப் பெறத் தொழிலாளி நல்லொழுக்கம் உடையவன் என்று மெய்ப்பிக்க வேண்டும். அதற்கென ஒரு துறையே இருந்தது. அதன் அலுவலர்கள் வீடு தேடி வருவர்: குடிப்பவனா, பணம் சேர்ப்பவனா, வீடு துப்புரவாக இருக்கிறதா? அடுப்பங்கரையை எட்டிப் பார்த்து அளக்கப்பட்ட கூலி அது. அதே நிறுவனம் தொழிற்சங்கத்துடன் ஒப்பந்தம் செய்துகொள்ள 1941 ஆம் ஆண்டு வரை மறுத்தது.

கூலிக்கு அப்பால் என்ன உண்டு என்பதைச் சொல்லும் அடுத்த ஆலை, சிகாகோவை ஒட்டிய சிசரோ என்ற ஊரிலே இருந்தது. வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாத்தார்ன் ஆலை. தொலைபேசிக் கருவிகள் செய்த இடம். 1924 இல் அங்கே விளக்கொளியைப் பற்றிய சோதனை தொடங்கிற்று. ஒளியைக் கூட்டினாலும் உற்பத்தி கூடிற்று, குறைத்தாலும் கூடிற்று என்று பின்னாளில் பாடநூல்கள் வியந்து எழுதின. பழைய கணக்கேடுகளைத் தேடியெடுத்துப் புரட்டிப் பார்த்த லெவிட், லிஸ்ட் என்ற பொருளியல் அறிஞர் இருவர், சொல்லப்பட்ட அளவுக்கு விந்தை அந்தக் கணக்கிலே இல்லை என்று 2011 இல் காட்டினர். ஆகவே விளக்கை அணைத்துவிட்டு அடுத்த அறைக்குள் நுழைவோம். விந்தை அங்கேதான்.

1927 ஆம் ஆண்டு. தனியறை. ஆறு பெண்கள். ரிலே என்ற சிறு கருவி. முப்பத்தைந்து உறுப்புகள் வரை சேர்த்துப் பூட்ட வேண்டும். ஒன்றுக்கு ஒரு நிமிடம். ஐவர் பூட்டுவர், ஒருவர் உறுப்புகளை எடுத்துத் தருவார். காலையிலும் பிற்பகலிலும் ஐந்து நிமிடம் ஓய்வு கொடுத்தார்கள், உற்பத்தி உயர்ந்தது. பத்து நிமிடம் கொடுத்தார்கள், மேலும் உயர்ந்தது. சிற்றுண்டி கொடுத்தார்கள். மாலையிலே அரைமணி முன்னதாக வீட்டுக்கு அனுப்பினார்கள். எல்லாம் செய்தபின், கொடுத்த அனைத்தையும் ஒருநாள் பறித்தார்கள்: ஓய்வு இல்லை, சிற்றுண்டி இல்லை, பழையபடி வாரத்துக்கு 48 மணி நேரம். உற்பத்தி சரிந்திருக்க வேண்டுமே! சரியவில்லை. தொடக்கத்தில் ஒருவர் வாரத்துக்கு 2,400 ரிலே பூட்டிய இடத்திலே, இப்போது 3,000 பூட்டினர்.

ஏன்? ஹார்வர்டு பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் எல்ட்டன் மேயோ முதலானோர் விடை கூறினர். அந்த அறையிலே அதட்டும் மேற்பார்வையாளர் இல்லை. பேசலாம், சிரிக்கலாம். மாறுதல் எதையும் செய்யுமுன் அந்தப் பெண்களை அழைத்துக் கருத்துக் கேட்டார்கள். மதிக்கப்பட்டதாக அவர்கள் உணர்ந்தார்கள். அந்த உணர்வே கைகளுக்கு வேகம் தந்தது என்றனர். நல்ல விடைதான். ஆனால் முழு விடையன்று. பெரும் பிரிவிலே இருந்தபோது நூறு பேரின் உழைப்பைச் சேர்த்துக் கணக்கிட்டுக் கூலி தந்தனர். இந்த அறையிலே ஆறு பேரின் உழைப்பை மட்டும் கணக்கிட்டுத் தந்தனர். உழைத்தால் கையிலே வரும் என்பது கண்ணுக்குத் தெரிந்தது. இதைச் சரிபார்க்க, கூலி முறையை மட்டும் மாற்றி வேறொரு குழுவிலே சோதித்தனர். உற்பத்தி ஏறத்தாழ 12 விழுக்காடு ஏறிற்று; பழைய கூலி முறைக்குத் திருப்பியதும் இறங்கிற்று. மேயோவின் புகழ் பாடியோர் இந்தக் குழுவை அதிகம் பேசுவதில்லை. அலெக்ஸ் கேரி என்பவர் 1967 இலே எழுதிய கண்டனக் கட்டுரை, இதை எடுத்துவைத்துத்தான் அவர்களைக் குடைந்தது.

இன்னொன்றையும் மெல்லச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். 1928 சனவரியிலே, அந்த ஆறு பேரில் இருவரை அறையிலிருந்து வெளியேற்றினர். குற்றம்? அதிகம் பேசினார்களாம், சொன்னதற்கு அடங்கவில்லையாம்! தாராளமாகப் பேசலாம் என்று அழைத்து வந்த அறையிலே, பேசிய இருவருக்கு இடமில்லை. அவர்களுக்குப் பதிலாக வந்த இருவர் விரைவாக வேலை செய்பவர்கள். உற்பத்தி உயர்ந்த கணக்கிலே இதற்கும் பங்கு உண்டு.

அதே ஆலையிலே 1931 நவம்பரில் பதினான்கு ஆண்களை வேறோர் அறையிலே வைத்து, எதையும் மாற்றாமல் பார்த்துக்கொண்டே இருந்தனர். தொலைபேசிக் கருவியிலே கம்பி இணைப்பது அவர்கள் வேலை. நிர்வாகம் விதித்த அளவு ஒன்று இருக்க, அவர்களுக்குள்ளே பேசாத ஒப்பந்தம் வேறொன்று இருந்தது: நாளொன்றுக்கு 6,600 இணைப்பு, அதற்கு மேல் இல்லை. மீறி விரைபவனின் தோளிலே தோழன் ஒருவனின் முட்டி ஒரு குத்து வைக்கும். அதற்கு மிகவும் குறைத்துச் சோம்பினாலும் ஏச்சு உண்டு. காரணம் கேட்டால், அதிகம் செய்தால் கூலி விகிதத்தை வெட்டுவர், அல்லது நம்மில் சிலரை வீட்டுக்கு அனுப்புவர் என்றனர். ஆய்வாளர்களோ இதை அறிவுக்குப் பொருந்தா அச்சம் என்று எழுதினர். 1932 மே மாதம் அந்த அறை மூடப்பட்டது. ஆய்வு முடிந்தா? இல்லை, பொருளாதார வீழ்ச்சியிலே வேலை இல்லாமற் போய், ஆட்களைக் குறைத்ததனால்! அறிஞர்க்குத் தெரியாதது அந்தப் பதினால்வருக்குத் தெரிந்திருந்தது.

கேட்பது நல்லது என்று கண்டுகொண்ட ஆலை, கேட்பதற்கென்றே ஆள் வைத்தது. 1928 முதல் 1930 வரை இருபதாயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளரிடம் பேட்டி கண்டனர். 1936 முதல் ஆறுதல் கூறும் ஆலோசகர்களை அமர்த்தினர். தொழிலாளி குறை சொல்வான்; ஆலோசகர் பொறுமையாகக் கேட்பார். குறையைத் தீர்க்க அவருக்கு அதிகாரம் கிடையாது. தீர்க்கக் கூடாது என்பதே விதி. கொட்டித் தீர்த்தால் மனம் இலேசாகும், வேலைக்குத் திரும்புவான்; அதுதான் திட்டம். அதே நிறுவனம் 1933 முதல் 1936 வரை தொழிலாளரை வேவு பார்க்க 25,000 டாலருக்கு மேல் செலவிட்டதை, அமெரிக்க மேலவையின் லா ஃபாலெட் குழு வெளிக்கொணர்ந்தது. ஒரு காது ஆறுதலுக்கு, மற்றொரு காது உளவுக்கு!

வேலையிலே தன் சொல்லுக்கு இடமில்லாதவன் மனம் வாடுவான் என்பதோடு முடிந்தால் பரவாயில்லை. உடலும் வாடுகிறது. இலண்டனிலே வைட்ஹால் என்ற அரசு அலுவலர் வட்டாரத்திலே மைக்கேல் மார்மட் முதலானோர் நடத்திய ஆய்வு உலகறிந்தது. 1985 இலே தொடங்கிய இரண்டாம் ஆய்விலே பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் இடம்பெற்றனர். நிலக்கரிச் சுரங்கத்தாரல்லர், மேசையிலே அமர்ந்து எழுதுவோர், மாதச் சம்பளம் தவறாதவர். அவர்களிலே, எதை எப்போது எப்படிச் செய்வது என்பதில் தமக்குப் பிடி குறைவாக இருந்தோர்க்கு இதய நோய் அதிகம் வந்ததென்று 1997 இலே எழுதினர். ‘பெரியவர் இருந்து சாகிறார், சிறியவர் ஓடிச் சாகிறார்’ என்று நாம் நினைத்திருந்தோம். கணக்கு வேறு விதமாக இருக்கிறது. கட்டளையிடுபவரைவிடக் கட்டளைக்குக் காத்திருப்பவருக்கே நெஞ்சு அதிகம் நோகிறது.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். 2024 செப்டம்பர் 9 ஆம் நாள், திருப்பெரும்புதூரை அடுத்த சாம்சங் தொழிற்சாலையிலே ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வேலைநிறுத்தம் செய்தனர். 37 நாள் நீடித்தது. வட்டாரத்துச் சராசரியைவிட உயர்ந்த சம்பளம் தருகிறோம் என்றது நிர்வாகம். தொழிலாளர் கூலி உயர்வும் கேட்டனர். ஆனால் கோரிக்கைகளின் நடுவிலே நின்றது, தாங்கள் அமைத்த சங்கத்தைப் பதிவு செய்து ஏற்க வேண்டும் என்பது. நாளைக்கு மாற்றிக்கொள்ளத்தக்க சலுகையாக இல்லாமல், உரிமையாகக் கேட்டனர். 2025 சனவரியிலே சங்கம் பதிவாயிற்று.

இதைவிடச் சிறியது, ஆனால் என் மனத்தை அதிகம் உறுத்துவது, துணிக்கடை நாற்காலி. நகரத்துப் பெரிய கடைகளிலே புடவையை விரித்துக் காட்டும் பெண்கள், காலை திறந்தது முதல் இரவு அடைக்கும் வரை நின்றனர். வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் நின்றனர். கால் வீங்கிற்று, நரம்பு புடைத்தது. விளக்கொளியையும் ஓய்வு நிமிடத்தையும் அளந்து பார்த்த உலகிலே, இந்தக் கால்களை அளக்க ஒருவரும் வரவில்லை. கோழிக்கோட்டுக் கடைப் பெண்கள் போராடியதன் பின்னர், 2018 இலே கேரளம் சட்டம் செய்தது. 2021 இலே தமிழ்நாடும், கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்திலே 22-அ என்ற பிரிவைச் சேர்த்தது. ஊழியர் அனைவருக்கும் தகுந்த இருக்கை இருக்க வேண்டும்; வேலையினூடே அமரும் வாய்ப்பு நேரும்போது அமர்ந்துகொள்ள இயல வேண்டும். இது வரவேற்கத்தக்க சட்டம்; குறை சொல்வதற்காக இதை எடுக்கவில்லை.

வாய்ப்பு நேரும்போது என்கிறதே சட்டம், நேர்ந்தது என்று முடிவு செய்பவர் யார்? விற்பனைப் பெண்ணா, தளத்திலே உலவும் மேற்பார்வையாளரா? நாற்காலியைச் சட்டம் வாங்கிக் கொடுக்கலாம். அதிலே உட்கார்ந்தவளை முறைத்துப் பார்க்கும் கண்ணை எந்தப் பிரிவின் கீழே கொண்டுவருவது? ஹாத்தார்ன் அறையிலே ஓய்வைக் கொடுத்தவர்களே ஒருநாள் எடுத்துக்கொண்டார்கள்; எடுக்காதே என்று சொல்ல அந்த ஆறு பேருக்கு அமைப்பு இல்லை. துணிக்கடைப் பெண்களில் சங்கத்திலே சேர்ந்தோர் எத்தனை பேர் என்று விசாரித்துப் பாருங்கள். ஆய்வாளர் கடைக்கு வரும் நாளில், அவர் நாற்காலியை எண்ணிவிட்டுப் போகிறாரா, அல்லது முதலாளி இல்லாத இடத்திலே அந்தப் பெண்களிடம் இரண்டு வார்த்தை பேசுகிறாரா என்றும் கேளுங்கள்.

தீபாவளிக்குத் துணியெடுக்கப் போவீர்கள். உங்களுக்கு மெத்தை போட்ட இருக்கையும் குடிக்கத் தண்ணீரும் தருவார்கள். எதிரே புடவை விரிப்பவளின் பின்னால் முக்காலி ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அவளைச் சற்று அமரச் சொல்லுங்கள். உட்காருமுன் அவள் யார் முகத்தைப் பார்க்கிறாள் என்பதையும் கவனியுங்கள்.