மூன்று நாள், ஒரே ஊர்

வாசகர் வட்டத் தோழர்களே, கம்பெனி விட்டு வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் என் திருப்பூர்ச் சொந்தங்களே!

நான் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன். வருஷ முடிவில் லீவு சம்பளத்துக்கு வவுச்சர் போட்டுக் கையெழுத்து வாங்குவது என் வேலை. இருபது நாள் உழைப்புக்கு ஒரு நாள், சம்பளத்தோடு லீவு என்று 1948-லேயே தொழிற்சாலைச் சட்டத்தில் எழுதி வைத்தார்கள். அதை நாளாக எடுத்தவர்களை நான் விரல்விட்டு எண்ணிவிடுவேன். பணமாக வாங்கிக்கொள்கிறோம், அது வீடு வந்து சேருவதற்குள் வட்டிக்குப் போய்விடுகிறது. பீஸ் ரேட்டுக்குத் தைக்கிற தங்கச்சிகளுக்கு அதுவும் இல்லை. மிஷினில் உட்காராத நாள் கூலி இல்லாத நாள். இதெல்லாம் தெரிந்துதான் பேசுகிறேன். தெரிந்தும் கேட்கிறேன்: வருஷத்தில் மூன்று நாள், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊரைவிட்டுக் கிளம்புங்கள்.

டூர் என்றாலே நமக்கு ஊட்டி, கொடைக்கானல். மே மாதத்தில் அந்த மலைகள் வண்டிகளைத் தாங்காமல், 2024-இல் உயர் நீதிமன்றமே தலையிட்டு இ-பாஸ் கொண்டுவர வேண்டியதாயிற்று. ஊட்டிக்கு வேன் பிடித்து, இரண்டு நாளில் எட்டு இடம் பார்த்து, பாதிப் பொழுது ரோட்டிலேயே நின்று, வாந்தி எடுத்த பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நாங்களும் ஒருமுறை திரும்பி வந்தோம். கடனை அடைக்க ஐந்து மாதம் ஆனது. எந்த இடத்தைப் பார்த்தோம் என்று மகளைக் கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. அன்றைக்கு முடிவு செய்தேன்: இனி ஒரே ஊர், மூன்று நாள், அரசு பஸ்.

போன அரையாண்டு லீவில் புதுக்கோட்டை போனோம். கரூர் வழியாகத் திருச்சி, அங்கிருந்து அடுத்த பஸ். ஒரு சாதாரண லாட்ஜில் தங்கினோம். முதல் நாளைக்குப் புளிச்சோறு கையில் இருந்தது.

மறுநாள் விடிந்ததும் அன்னவாசல் பஸ் ஏறி, சித்தன்னவாசலில் இறங்கினோம். பாறையைக் குடைந்த சின்னக் கோயில், அறிவர் கோயில். அண்ணாந்து பார்த்தால் கூரை முழுக்கத் தாமரைக் குளம்! ஒன்பதாம் நூற்றாண்டு ஓவியம். இலைகளுக்கு நடுவே மீன், அன்னம், யானை, எருமை; கையில் பூவோடு நிற்கும் ஆண்கள். பல இடங்களில் வண்ணம் உதிர்ந்துவிட்டது. மிச்சம் இருப்பதே போதும். என் மகள் அங்கேயே தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு மீனாக எண்ணினாள். யாரும் எங்களை அவசரப்படுத்தவில்லை, ஏனென்றால் அடுத்து ஓடவேண்டிய இடம் என்று எதுவும் இல்லை. உள்ளறையில் நின்று மெல்ல ஹம் செய்தால் அறை முழுவதும் அதிர்கிறது. அவள் செய்தாள். பிறகு அவள் அம்மா செய்தாள். கல்யாணம் ஆகிப் பதினான்கு வருஷத்தில் என் மனைவி வாய்விட்டுப் பாடி நான் கேட்டது அன்றுதான், ஐயா!

அதே குன்றின் மேலே ஏழடிப்பட்டம். சமணத் துறவிகள் படுத்த கல் படுக்கைகள், தலைமாட்டில் கல்லிலேயே தலையணை. ஒரு படுக்கையில் இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய தமிழ் பிராமி எழுத்து. பாடப் புத்தகத்தில் பரீட்சைக்காகப் படித்ததை என் பையன் கிட்டே போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

மூன்றாம் நாள் திருமயம் கோட்டை. அந்த மலையடியில் சிவனுக்கும் பெருமாளுக்கும் பக்கத்துப் பக்கத்தில் குடைவரைக் கோயில்கள். சுதந்திரப் போராட்டத் தலைவர் தீரர் சத்தியமூர்த்தி பிறந்த ஊரும் அதுதான். மத்தியானம் கோட்டை மதில் நிழலில் நானே ஒரு மணி நேரம் தூங்கினேன். லீவு என்றால் அதுவும்தானே! நார்த்தாமலையையும் குடுமியான்மலை இசைக் கல்வெட்டையும் பார்க்கவில்லை. விட்டுவிட்டு வந்ததில் வருத்தமே இல்லை, இன்னொரு வருஷத்துக்கு இருக்கட்டும். ஊட்டியில் ஒரு ராத்திரி காட்டேஜுக்குக் கொடுத்த காசில் இந்த மூன்று நாளும் முடிந்தது.

புதுக்கோட்டைக்குத்தான் போகவேண்டும் என்று நான் சொல்லவில்லை. தரங்கம்பாடியில் 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை கடல் பார்த்து நிற்கிறது. 2023-இல் திறந்த கீழடி அருங்காட்சியகம் மதுரையிலிருந்து டவுன் பஸ் தூரம். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு இந்த நூலகத்துக்கு வாருங்கள். போகிற ஊரைப் பற்றி ஒரு புத்தகம் எடுத்துப் பிள்ளைகளோடு படியுங்கள். பாதி டூர் அங்கேயே தொடங்கிவிடும்.

தாய்மார்களே, தோழர்களே! இன்று ராத்திரி வீட்டுக்குப் போனதும் காலண்டரை எடுத்து மூன்று நாளை வட்டம் போடுங்கள். போட்டதைப் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். நாளைக்கு சூப்பர்வைசர் மனது மாறினாலும் உங்கள் மனது மாறினாலும், அவர்கள் விடமாட்டார்கள்.