அறுபத்தொண்ணாவது குழந்தை

இந்த வாரம் ஆபீஸ் கதை இல்ல, ஊர்க் கதை. என் ஊர் ஆரணிக்குப் பக்கத்துல ஒரு சின்ன கிராமம். ஆரணின்னா உங்களுக்குப் பட்டுச் சேலை ஞாபகம் வரும், இல்லன்னா அரிசி மூட்டை ஞாபகம் வரும். எனக்கு, காலையில தெரு நீளத்துக்குப் பாவு இழுத்துக் கட்டியிருக்கிறதும், அதுக்குக் கீழ குனிஞ்சு ஸ்கூலுக்கு ஓடினதும்தான் ஞாபகம் வரும்.

மே மாசக் கடைசியில ஒரு ராத்திரி அக்கா போன் பண்ணா. அக்காவ உள்ளூர்லயே கொடுத்திருக்கோம். மாமா பட்டுத் தறி நெய்யறார்.

"தம்பி, பாப்பாவ ஒண்ணாவது சேக்கணும். நம்ம ஸ்கூல்லயா, டவுன்ல மெட்ரிக்லயா? நீதான் படிச்சவன், நீயே சொல்லு."

லேப்டாப்ல ஒரு கண்ண வெச்சுக்கிட்டே, ரெண்டு செகண்ட் கூட யோசிக்காம, "மெட்ரிக்ல போட்டுடுக்கா"ன்னு சொல்லிட்டு வெச்சுட்டேன்.

அதுக்கப்புறம் தூக்கம் வரல. ஏன்னா அக்கா சொன்ன "நம்ம ஸ்கூல்" நான் படிச்ச ஸ்கூல். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. எங்க அம்மா அஞ்சாவதோட நின்னு தறியில உக்காந்தவங்க. நான் அதே கட்டடத்துல அஞ்சாவது முடிச்சு, அங்கிருந்து இன்ஜினியரிங் வரைக்கும் வந்தேன். அந்த ஸ்கூல் இன்னிக்கு எப்படி இருக்குன்னு எனக்குத் தெரியாது. தெரியாமலே ஒரு குழந்தைய அங்கருந்து வெளிய அனுப்பிட்டேன்.

அடுத்த வாரமே ஊருக்குப் போனேன். தலைமை ஆசிரியரப் பார்த்தேன். பேர் வேண்டாம், டீச்சர்னே சொல்றேன்.

"வாப்பா. வேலையெல்லாம் எப்படி இருக்கு?"ன்னு விசாரிச்சாங்க. அப்புறம் ஒரு நோட்ட எடுத்து ஒரு கணக்கக் காட்டினாங்க. அந்தக் கணக்குதான் இன்னிக்கு எபிசோடே.

கல்வி உரிமைச் சட்டம் 2009-ல நிறைவேறி, 2010 ஏப்ரல் 1-ல அமலுக்கு வந்துச்சு. அதோட அட்டவணையில, ஒண்ணாவதுலருந்து அஞ்சாவது வரைக்கும் எத்தனை பிள்ளைங்களுக்கு எத்தனை டீச்சர்னு இருக்கு. 60 பேர் வரைக்கும் 2 டீச்சர். 61-லருந்து 90 வரைக்கும் 3. 91-லருந்து 120 வரைக்கும் 4. 121-லருந்து 200 வரைக்கும் 5.

நம்ம ஊர்ல ஒவ்வொரு வருஷமும் ஆகஸ்ட் 1 நிலவரப்படி பிள்ளைங்கள எண்ணி, பணியிடத்த நிர்ணயம் பண்ணுவாங்க. கணக்குக்கு மேல இருக்கிற டீச்சர் 'உபரி'. அவங்கள வேற ஸ்கூலுக்கு மாத்துவாங்க. அதுக்குப் பேர் பணி நிரவல்.

டீச்சர் சொன்னாங்க: "அறுபதுலருந்து அம்பத்தொம்பது ஆனா ஒண்ணும் ஆகாதுப்பா. அறுபத்தொண்ணுலருந்து அறுபது ஆனா ஒரு டீச்சர் கிளம்பணும். எங்களுக்கு அதுதான் நடந்துச்சு."

சில வருஷம் முன்னாடி அறுபதுக்குக் கொஞ்சம் மேல பிள்ளைங்க, மூணு டீச்சர். ஊருக்குள்ள மெட்ரிக் ஸ்கூல் வேன் வர ஆரம்பிச்சுது. ரெண்டு மூணு வீட்டுப் பிள்ளைங்க வேன்ல ஏறுச்சு. ஆகஸ்ட்ல எண்ணினப்ப கோட்டுக்குக் கீழ. மூணாவது டீச்சர் கிளம்பிட்டாங்க. அஞ்சு வகுப்பு, ரெண்டு பேர். ஒண்ணு ரெண்டு மூணு ஒரு ரூம்ல, நாலு அஞ்சு இன்னொரு ரூம்ல. பேரண்ட்ஸ் எட்டிப் பார்த்தாங்க. "என்னடா இது, மூணு கிளாஸயும் ஒண்ணா உக்கார வெச்சிருக்காங்க"ன்னாங்க. அடுத்த ஜூன்ல இன்னும் சில வீடு வேன்ல ஏத்துச்சு. இப்ப முப்பதுக்குக் கொஞ்சம் மேலதான் இருக்காங்க.

ஐடியில இருக்கிறவங்களுக்கு இது பழகின விஷயம். ஆப்புக்கு ஆள் வரத்து குறைஞ்சா தானாவே சர்வரக் குறைக்கிற மாதிரி செட் பண்ணி வெப்போம். ஆட்டோஸ்கேலிங். காசு மிச்சம். ஆனா சர்வரக் குறைச்சதாலயே ஆப் ஸ்லோவாகி, ஸ்லோவானதாலயே ஆள் ஓடிப் போனா? கிராஃப் "டிமாண்ட் இல்ல"ன்னுதான் காட்டும். நாமதான் துரத்தினோம்னு காட்டாது.

எல்லாப் பழியையும் வேன் மேல போடவும் முடியாது. குழந்தைங்களே குறைஞ்சுட்டாங்க. மக்கள்தொகை குறையாம அப்படியே நிக்கணும்னா ஒரு பெண்ணுக்குச் சராசரியா 2.1 குழந்தை வேணும். தமிழ்நாட்டுல 2020-ல மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்புப்படி அது 1.4. எந்த டீச்சர் எவ்வளவு நல்லாப் பாடம் நடத்தினாலும், பொறக்காத குழந்தைய ஸ்கூல்ல சேக்க முடியாது. அதனால ஒரு ஸ்கூல்ல தலை எண்ணிக்கை குறையறத அந்த ஸ்கூல் ஃபெயில் ஆனதா படிச்சா, நம்பரத் தப்பாப் படிக்கிறோம்னு அர்த்தம்.

சரி, படிப்பு எப்படி? இத மழுப்பக் கூடாது. ஏசர்னு ஒரு ஆய்வு, கிராமத்துல வீடு வீடாப் போய்க் குழந்தைங்கள வாசிக்கச் சொல்லிப் பார்க்கும். 2018-ல தமிழ்நாட்டுக் கிராமங்கள்ல மூணாவது படிக்கிற நூறு பேர்ல பத்து பேர்தான் ரெண்டாவது புத்தகத்த வாசிச்சாங்க. கொரோனாவுக்குப் பிறகு, 2022-ல அது 4.8 சதவீதம். இன்னொரு விஷயம், இது அரசு, தனியார் ரெண்டும் சேர்ந்த கணக்கு. வேன்ல ஏத்திவிட்டா வாசிப்பு தானா வந்துடும்னு யாரும் நெனைக்க வேண்டாம்.

மாநில அளவுல இந்த நம்பருக்கு அர்த்தம் இருக்கு. ஆனா அதே மாதிரி சதவீதத்த ஒரு சின்ன ஸ்கூலுக்குப் போடும்போதுதான் கோளாறு. எங்க ஸ்கூல்ல அஞ்சாவதுல எட்டு பேர்னு வெச்சுக்கோங்க. ஒரு பையனுக்கு அம்மை போட்டுப் பரீட்சை எழுதலன்னா 12.5 சதவீதம் போச்சு. அடுத்த வருஷம் ரெண்டு கெட்டிக்காரப் பிள்ளைங்க வந்தா "அபார முன்னேற்றம்". ரெண்டுக்கும் டீச்சருக்கும் சம்பந்தமே இருக்காது.

இதுல உலகமே ஏமாந்திருக்கு. அமெரிக்காவுல நல்லா செய்யற ஸ்கூல் பட்டியல எடுத்துப் பார்த்தா நிறையச் சின்ன ஸ்கூல் இருந்துச்சு. கேட்ஸ் அறக்கட்டளை மாதிரி இடங்கள்லருந்து, பெரிய ஸ்கூலச் சின்னதாப் பிரிக்கப் பணத்தக் கொட்டினாங்க. ஹோவர்ட் வெய்னர்னு ஒரு புள்ளியியலாளர் 2007-ல எழுதின கட்டுரையில பென்சில்வேனியா மாநில மார்க்கப் பிரிச்சுக் காட்டினார். மேல இருக்கிற பட்டியல்ல மட்டும் இல்ல, அடியில இருக்கிற பட்டியல்லயும் சின்ன ஸ்கூல் தன் பங்குக்கு மேல இருந்துச்சு. ஆள் கம்மியா இருந்தா சராசரி இப்படியும் ஆடும், அப்படியும் ஆடும். அவ்வளவுதான். சின்னதா இருக்கிறது நோயும் இல்ல, மருந்தும் இல்ல.

டீச்சர் கிட்ட இதச் சொன்னேன். சிரிச்சாங்க. "மார்க் ஆடறது இருக்கட்டும்பா. நான் ஒரு நாள் பயிற்சிக்குப் போனா, இருக்கிற ஒருத்தர் அஞ்சு வகுப்புக்கு ஆடணும்."

மூணு கிளாஸ ஒரே ரூம்ல உக்கார வெக்கிறது தப்புன்னுதான் நானும் நெனச்சேன். ஆனா அதையே முறையா செய்ய வழி இருக்கு. கொலம்பியாவுல 1970-கள்லயே எஸ்குவேலா நுவேவான்னு கிராமத்துச் சின்னப் பள்ளிகளுக்காகவே ஒரு முறைய உருவாக்கினாங்க. ஆந்திராவுல ரிஷி வேலி சுத்துவட்டாரக் கிராமப் பள்ளிகள்ல ஏணி மாதிரி அட்டைகள வெச்சு, ஒவ்வொரு குழந்தையும் தன் வேகத்துல ஏறுற மாதிரி செஞ்சாங்க. அதப் பார்த்துத்தான் 2003-ல சென்னை மாநகராட்சிப் பள்ளிகள்ல செயல்வழிக் கற்றல் வந்துச்சு. அப்புறம் மாநிலம் முழுக்கப் போச்சு. உங்கள்ல சில பேர் பாய்ல வட்டமா உக்காந்து அட்டை எடுத்துப் படிச்சிருப்பீங்க. 2022-ல வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்துலயும், அரும்பு, மொட்டு, மலர்னு குழந்தையோட நிலையப் பார்த்துத்தான் பிரிச்சாங்க.

ஆக, ரெண்டு டீச்சரால ஒரு சின்ன ஸ்கூல நல்லாவே நடத்த முடியும். ஆனா அந்த ரெண்டு பேரும் தினமும் அங்க இருக்கணும்.

இங்கதான் சட்டத்துல ஒரு வரி எனக்குப் பிடிச்சுது. 26-வது பிரிவு. அரசுப் பள்ளியில காலியிடம், அனுமதிச்ச மொத்தப் பணியிடத்துல பத்து சதவீதத்துக்கு மேல போகக் கூடாது. இத ரெண்டு பேர் இருக்கிற ஸ்கூலுக்குப் போட்டுப் பாருங்க. ஒருத்தர் இல்லன்னாலே அம்பது சதவீதம் காலி. அப்படின்னா இந்த ஸ்கூல்ல ஒரு நாள் கூட காலியிடம் இருக்கக் கூடாதுன்னு அர்த்தம். ஆனா நடைமுறையில? மத்திய அரசோட யுடைஸ் கணக்குப்படி 2024-25-ல நாடு முழுக்க 1,04,125 ஓராசிரியர் பள்ளி. அதுல 33 லட்சத்துக்கும் மேல பிள்ளைங்க.

சரிடா, அப்ப ஸ்கூல மூடிட்டுப் பக்கத்து ஊர் ஸ்கூலோட சேத்துடலாமேன்னு நீங்க கேக்கலாம். நெசவு ஊர்ல அதுக்கு ஒரு தனி விலை இருக்கு.

கோர்வைச் சேலை நெய்யணும்னா தறியில ரெண்டாவது ஆள் வேணும். ஒரு பக்கத்துக் கரைக்கு நாடா வாங்கிப் போட. பட்டு நெசவு ஊர்கள்ல ரொம்பக் காலமா அந்த ரெண்டாவது ஆள் பெரும்பாலும் ஒரு குழந்தை. குழந்தைத் தொழிலாளர மீட்க இந்தியாவும் அமெரிக்காவும் சேர்ந்து நடத்தின இண்டஸ் திட்டத்துக்குத் தமிழ்நாட்டுல அஞ்சு மாவட்டத்தத் தேர்ந்தெடுத்தாங்க. எங்க திருவண்ணாமலை அதுல ஒண்ணு. அந்த நிலைமை இன்னிக்கு ரொம்ப மாறிடுச்சு. ஆனா 2016-ல திருத்தின சட்டம், பதினாலு வயசுக்குள்ள இருக்கிற குழந்தை ஸ்கூல் நேரம் போக, ஆபத்தான பட்டியல்ல இல்லாத குடும்பத் தொழில்ல உதவலாம்னு சொல்லுது. தறி எங்க இருக்கு? வீட்டுக்குள்ளயே. ஸ்கூல் நேரம் எங்க முடியுது, உதவி எங்க ஆரம்பிக்குதுன்னு யார் பார்ப்பாங்க?

நான் மூணாவது படிக்கிறப்ப அம்மாவுக்கு உடம்பு முடியல. தார் சுத்த நான் வீட்டுல நின்னுட்டேன். மூணாவது நாள் டீச்சர் வாசல்ல வந்து நின்னாங்க. ஒண்ணும் திட்டல. "நாளைக்கு அனுப்பிடுங்கம்மா"ன்னு மட்டும் சொன்னாங்க. ஸ்கூல் ரெண்டு தெரு தள்ளி இருந்ததால வந்தாங்க. அஞ்சு கிலோமீட்டர் தள்ளி இருந்திருந்தா நான் ரெஜிஸ்டர்ல ஒரு ஆப்சென்ட், அவ்வளவுதான்.

சரி, அக்கா கதைக்கு வருவோம். ராத்திரி சாப்பிட்டு முடிச்சதும் இதெல்லாத்தையும் சொல்லி, "நம்ம ஸ்கூல்லயே சேருக்கா"ன்னேன். பொறுமையாக் கேட்டா.

"நல்லா பேசறடா. ஆனா நீ சென்னைக்குப் போயிடுவ. நாளைக்கு ஒரு டீச்சரயும் மாத்திட்டாங்கன்னா என் பொண்ணுதான் அங்க உக்காந்திருப்பா."

எனக்குப் பதில் இல்ல. மாமா மெதுவா சொன்னார்: "மெட்ரிக்னா முதலாளிகிட்ட முன்பணம் வாங்கித்தான் பீஸ் கட்டணும். முன்பணம் வாங்கிட்டா, கூலி ஏத்திக் குடுங்கன்னு கேக்க வாய் வராது." ரெண்டு பேர் சொன்னதும் நியாயம். இந்த நியாயத்துக்கு நடுவுலதான் ஒவ்வொரு ஜூன்லயும் ஒவ்வொரு வீடும் தனித்தனியா முடிவெடுக்குது. பக்கத்து வீடு சேத்தா நாமளும் சேக்கலாம்னு எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க. யாரும் முதல்ல போகல.

அதனால அக்கா ஒரு வேலை பண்ணா. அது எனக்குத் தோணல. அதே வயசுக் குழந்தை இருக்கிற வீட்டுக்கெல்லாம் போய், "நீ சேத்தா நானும் சேக்கறேன்"னு பேசினா. இன்னும் மூணு வீடு ஒத்துக்கிச்சு. நாலு அம்மாவும் ஒண்ணாப் போய்ச் சேத்தாங்க. சேக்கும்போதே டீச்சர்கிட்ட ஒரு நிபந்தனை: ரெண்டு டீச்சர்ல யாரையாவது மாத்துப் பணின்னு வெளிய அனுப்பினா, அன்னிக்கே பள்ளி மேலாண்மைக் குழுவக் கூட்டித் தீர்மானம் போடணும். சட்டப்படி அந்தக் குழுவுல முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். கையெழுத்து போட மட்டும் இல்ல, கேள்வி கேக்கவும்தான் அந்தக் குழு.

2024-ல அந்தக் குழுவ மாத்தி அமைச்சப்ப முன்னாள் மாணவர்களுக்கும் இடம் குடுத்தாங்க. டீச்சர் என்னப் பார்த்தாங்க. நான் அப்ளிகேஷன் ஃபார்ம் எங்கன்னு கேட்டேன். "ஃபார்ம் எல்லாம் இல்லப்பா, அடுத்த கூட்டத்துக்கு வா"ன்னாங்க.

நாலு குழந்தை வந்ததால மூணாவது டீச்சர் வரமாட்டாங்க. அறுபத்தொண்ணு இன்னும் தூரம்தான். ஆனா இந்த வருஷம் ஒண்ணாவதுல, பாய்ல வட்டமா உக்கார அளவுக்கு ஆள் இருக்கு.

இதக் கேக்கிற உங்கள்ல பாதிப் பேருக்கு இப்படி ஒரு ஸ்கூல் இருக்கும். கட்டடத்துக்குப் பெயின்ட் அடிச்சுக் குடுக்கிறத விட முதல்ல ஒண்ணு செய்யுங்க. ஊருக்குப் போறப்ப உள்ள போய், "எத்தனை பணியிடம்? இன்னிக்கு எத்தனை பேர் வந்திருக்காங்க?"ன்னு கேளுங்க. அந்த ரெண்டு நம்பரும் ஒண்ணா இல்லன்னா, அங்கருந்து பேச்ச ஆரம்பிங்க. அதுக்கு முன்னாடி யாராவது போன்ல அட்வைஸ் கேட்டா, என்ன மாதிரி ரெண்டு செகண்ட்ல பதில் சொல்லிடாதீங்க.

அடுத்த வாரம் பேசுவோம்.