கல்லைக் கட்டாத நண்பர்



இந்தப் பட்டமளிப்பு விழா மேடையேறும் முன் ஒரு நல்ல செய்தி காதில் விழுந்தது. இன்று பட்டம் வாங்கும் மாணவி ஒருவரின் முதல் நாவலை ஒரு பதிப்பகம் ஏற்றுக்கொண்டிருக்கிறதாம். ஒப்பந்தத்தில் கையெழுத்தாகி, நேற்றிரவு விடுதியில் கேக்கும் வெட்டியாயிற்றாம். முன்பணம் எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. என் முதல் நாவலுக்கு உரிமைத்தொகையாக இருபத்தைந்து பிரதிகள் கொடுத்தார்கள். பாதி இன்னும் பரணில்தான் கிடக்கிறது.

ஆங்கிலத்தில் எழுதிய ஆர்.கே. நாராயணின் முதல் நாவல் கதை இந்த மேடைக்குப் பொருத்தமானது. சென்னையில் பிறந்து மைசூரில் படித்தவர். பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் தோற்று ஒரு வருடம் வீட்டில் இருந்தார். பி.ஏ. முடிக்க மற்றவர்களைவிட ஓராண்டு கூடுதலாகப் பிடித்தது. (பின்வரிசையில் யாரோ கை தட்டுகிறார்கள், புரிகிறது.) ஆசிரியர் வேலைக்குப் போனார். உடற்பயிற்சி ஆசிரியருக்குப் பதிலாக மைதானத்துக்குப் போகச் சொன்னதும் வேலையை விட்டுவிட்டார். 1930 செப்டம்பரில், பாட்டி நல்ல நாள் பார்த்துச் சொல்ல, ஒரு நோட்டு வாங்கி எழுத உட்கார்ந்தார். மனதில் முதலில் வந்து நின்றது ஒரு ரயில் நிலையம்: மால்குடி என்ற கற்பனை ஊரின் நிலையம். 

‘சுவாமியும் நண்பர்களும்’ எழுதி முடித்தாயிற்று. லண்டன் பதிப்பாளர்கள் ஒருவர் பின் ஒருவராகத் திருப்பி அனுப்பினார்கள். அப்போது அவருடைய நண்பர் கிட்டு பூர்ணா ஆக்ஸ்ஃபோர்டில் படித்துக்கொண்டிருந்தார். கைப்பிரதி அவரிடம் போய்ச் சேர்ந்தது. அலுத்துப்போன நாராயண், அதில் ஒரு கல்லைக் கட்டி தேம்ஸ் நதியில் போட்டுவிடும்படி அவருக்கு எழுதினார்.

பூர்ணா கல்லைத் தேடவில்லை. அதே ஊரில் குடியிருந்த நாவலாசிரியர் கிரகாம் கிரீன் வீட்டுக்குக் கைப்பிரதிக் கட்டைத் தூக்கிக்கொண்டு போனார். கிரீன் படித்தார், பிடித்துப்போனது. அவர் சிபாரிசில் ஹாமிஷ் ஹாமில்டன் பதிப்பகம் 1935இல் நாவலை வெளியிட்டது. நாராயணசுவாமி என்ற நீளப் பெயர் நாராயண் ஆனதும் கிரீனின் யோசனைதான்.

புத்தகம் விற்கவில்லை. அடுத்த நாவலுக்கு வேறு பதிப்பாளர், மூன்றாவதற்கு இன்னொருவர். அந்த இரண்டாவது நாவலின் தலைப்பு என்ன தெரியுமா? ‘பி.ஏ. பட்டதாரி’! அதனால்தான் நாவலாசிரியை மாணவிக்குச் சொல்கிறேன்: கேக்கை நன்றாகச் சாப்பிடுங்கள், ஆனால் இரண்டாவது நோட்டை இப்போதே வாங்கிவிடுங்கள்.

கிரீனின் பெயர் எல்லோருக்கும் தெரியும். பூர்ணாவை எத்தனை பேருக்குத் தெரியும்? குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. என் கைப்பிரதியை மழையில் நனையாமல் சட்டைக்குள் செருகி, பேருந்தில் நின்றபடியே பதிப்பாளரிடம் கொண்டுபோனான் ஒரு நண்பன். புத்தகம் வந்தபோது நன்றிப் பக்கத்தில் என் பேராசிரியர்கள் எல்லோரும் இருந்தார்கள், அவன் பெயர் மட்டும் இல்லை. அவன் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு பிரதியைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு போனான்.

வாசலில் அந்த மாணவியைப் பார்த்தேன். முந்நூறு பக்கத்தையும் கணினியில் அடித்துக் கொடுத்தது அடுத்த அறைத் தோழி என்றார். அவரும் இன்று பட்டம் வாங்குகிறார், மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். “நன்றிப் பக்கத்தில் அவர் பெயர் இருக்கிறதா?” என்று கேட்டேன். நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“இன்னும் ப்ரூஃப் வரலை சார், சேர்த்துடலாம்” என்றார்.