குடற்புழு மருந்தும் ஊர் மண்ணும்
(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



குடியானவனுக்கு முதலாவது மூலதனம் தேகபலமாகும். அது குன்றினால் விளைச்சல் குன்றும். விளைச்சல் குன்றினால் சங்கத்தின் தவணையும் தவறும். இப்பலத்தை ஓசையின்றி உறிஞ்சுவது கொக்கிப்புழு. ஒரு புழு குடிக்கும் ரத்தம் சொற்பமே; ஆனால் அவை நூற்றுக்கணக்கில் பெருகின் சோகையும் மூச்சிரைப்பும் அயர்வும் உண்டாகும். சோம்பேறி என்று ஏசப்படுவோரிற் சிலர் உண்மையில் நோயாளிகளே.

குடற்புழுக்களுக்குரிய மருந்து முற்காலத்தில் தேசத்துக்குத் தேசம் வேறுபட்டிருந்தது. இந்நாட்டில் வாய்விளங்கமும், ஜப்பானில் ஒருவகைக் கடற்பாசியும் வழங்கின. அமெரிக்காவின் தென் மாகாணங்களில் 1909 முதல் 1914 வரை ராக்பெல்லர் கமிஷனார் கொக்கிப்புழுவுக்குத் தைமல் என்னும் மருந்தைக் கொடுத்தனர். தைமலோ ஓமத்திலுள்ள சத்து. முதல் உலக யுத்தத்துக்கு முன் இந்திய ஓமம் கப்பலேறி, ஜெர்மனியில் தைமலாக வடிக்கப்பட்டது. பின்னர் வந்த கார்பன் டெட்ராகுளோரைடு புழுவைக் கொன்றதாயினும் ஈரலுக்கும் கேடு செய்தமையால் கைவிடப்பட்டது.

இக்காலத்தில் பெரும்பாலான தேசங்களில் வழங்குவது அல்பெண்டசோல் மாத்திரையே. மருந்து ஒன்றாயினும், அதை வருஷத்துக்கு எத்தனை முறை கொடுப்பது என்பதில் பிரதேச வேறுபாடு உண்டு. 100 பிள்ளைகளில் 20 பேருக்குக் குறையாமல் புழு காணும் இடத்தில் வருஷத்துக்கு ஒரு முறையும், 50 பேருக்குக் குறையாமற் காணும் இடத்தில் இரு முறையும் கொடுக்கவேண்டுமென்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் விதி.

இவ்வேறுபாட்டுக்குக் காரணம் பெரும்பாலும் மண்ணே. திறந்த வெளியில் கழித்த மலத்திலிருந்து வெளிவரும் கொக்கிப்புழுக் குஞ்சுகள் ஈரமும் நிழலும் உள்ள இளகிய மண்ணில் பல நாள் உயிரோடிருந்து, வெறுங்காலின் தோலைத் துளைத்து உட்புகும். வெயிலில் காய்ந்த கரட்டு நிலத்தில் அவை விரைவில் மடியும். ஆகவே தோப்பும் தோட்டக்காலும் மிகுந்த ஊரார் அதிக ஜாக்கிரதையாயிருத்தல் அவசியம்.

மருந்து குடலிலுள்ள புழுவைக் கொல்லுமேயன்றி, மண்ணிலுள்ளதைக் கொல்லாது. கொரியா இதற்குத் தக்க சான்று. தென் கொரியாவில் 1971-ல் 100 பேரில் 84 பேருக்குப் புழு முட்டை காணப்பட்டது. பள்ளிப் பிள்ளைகளுக்கு வருஷம் இரு முறை பரிசோதனையும் மருந்தும் நடந்தன. அதனோடு வயலுக்கு மனித மலத்தை எருவாக இடும் வழக்கம் நீங்கிற்று. கக்கூசும் நல்ல தண்ணீரும் பரவின. 1997-ல் அத்தொகை 100-க்கு 3-க்கும் கீழே இறங்கிற்று.

இந்தியாவில் 2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாள் அனுஷ்டிக்கப்படுகிறது. 1 முதல் 19 வயது வரையுள்ளவர்களுக்குப் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் மாத்திரை இலவசமாகக் கிடைக்கிறது. 2 வயது நிரம்பாத குழந்தைக்கு அரை மாத்திரையே அளவு. காய்ச்சலுற்ற பிள்ளைக்கு அன்று கொடுத்தலாகாது. கர்ப்பிணிகள் வைத்தியரைக் கேட்டே உட்கொள்ளவேண்டும்.

அங்கத்தினர் செய்யவேண்டுவன மூன்று: அந்நாளில் ஒரு பிள்ளையும் விடுபடாமல் மருந்துண்ணச் செய்தல், தோட்டத்துக்குச் செருப்பணிந்து செல்லுதல், வீட்டுக்கொரு கக்கூசு கட்டி அதையே உபயோகித்தல். முதலாவது இன்றுள்ள புழுவை நீக்கும். மற்றவை நாளை வரும் புழுவைத் தடுக்கும். ஒன்றைச் செய்து மற்றதை விடுவது, மடையை அடைக்காமல் வயலிலுள்ள வெள்ளத்தை இறைப்பதற்கு ஒப்பாகும்.