தாரும் உப்பும் துறையும்



பட்டறிவு மிக்க கடலோடியை ஆங்கிலப் பேச்சுவழக்கு எவ்வாறு குறிக்கிறது, அச்சொற்களைத் தமிழில் எவ்வாறு பெயர்ப்பது என்பவற்றை இவ்வுரையில் காண்போம்.

முதற்சொல் 'டார்'. பாய்மரக் கப்பலின் கயிறுகள் மட்காதிருக்கத் தார் பூசுவர். மாலுமிகள் உடுத்த முரட்டுத் துணியிலும் நீர் புகாவண்ணம் தார் ஏற்றினர். அத்துணி 'டார்பாலின்', நாம் தார்ப்பாய் என்கிறோம். 17ஆம் நூற்றாண்டில் துணியின் பெயர் அதனை உடுத்தவனுக்கு ஆகி, 'டார்' எனக் குறுகி, 'ஜாக் டார்' என்றும் வழங்கலாயிற்று. இலக்கண வகுப்பில் நாம் கற்பிக்கும் ஆகுபெயர் இதுவே.

இச்சொல்லுக்குள் ஒரு சமூகப் பூசலும் உண்டு. அன்றைய ஆங்கிலக் கடற்படையில், குடிப்பிறப்பால் பதவி பெற்ற கப்பல் தலைவரை 'ஜென்டில்மேன்' என்றும், கடலிலேயே வளர்ந்து உயர்ந்தவரை 'டார்பாலின்' என்றும் பிரித்துரைத்தனர். 1677இல் சாமுவேல் பெப்பீசு எடுத்த முயற்சியால் லெப்டினன்ட் பதவிக்குத் தேர்வு வந்தது. குலம் மட்டும் போதாது; கயிறும் பாயும் அறிந்திருத்தல் வேண்டும் என்றாயிற்று.

'ஓல்ட் சால்ட்' என்பது உப்புநீரில் ஊறி முதிர்ந்தவர். 'ஷெல்பேக்' என்பது முதுகில் ஓடு படிந்தவர். நிலநடுக்கோட்டைக் கப்பலில் கடந்தவரை இன்று அவ்வாறு அழைப்பர். கடவாதவர் 'பாலிவாக்', அதாவது தலைப்பிரட்டை. அக்கோடு சிங்கப்பூருக்குத் தெற்கே ஏறத்தாழ 137 கிலோமீட்டர் தொலைவில்தான் உள்ளது.

இவற்றைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் என்னாகும்? 'பழைய உப்பு' என்றால் தமிழ் மாணவர்க்கு மளிகைக் கடையே நினைவுக்கு வரும்; உப்பிட்டவர் என்றாலோ செய்ந்நன்றி தோன்றும். கடலோடி எங்கும் தோன்றான். ஆனால் அப்பொருளுக்கு நம்மிடம் சொல் இல்லையா? கரைகண்டவர், துறைபோகியவர் என்கிறோமே! துறை என்பது கலம் சேரும் இடம்; கல்வியின் பிரிவும் அதுவே. ஆங்கிலம் கடலோடியின் உடலில் ஒட்டியதைக் கொண்டு பட்டறிவை அளக்கிறது. தமிழ் அவர் சென்று சேர்ந்த எல்லையைக் கொண்டு அளக்கிறது.

இன்னொன்றும் கூற வேண்டும். மாலுமி என்னும் சொல் அரபியின் 'முஅல்லிம்' என்பதிலிருந்து வந்தது. ஆசான் என்பது அதன் பொருள். மலாயில் அது 'மாலிம்' ஆயிற்று. தமிழிலும் மலையாளத்திலும் படகோட்டிகளின் தலைவரைக் குறித்த 'தண்டல்', ஆங்கிலக் கப்பல்களில் 'டின்டல்' ஆயிற்று. மலாயில் 'தண்டில்' என நின்று, தொழிலாளரின் மேலாளையும் குறித்தது. கடல்வழிச் சொற்கள் இவ்வாறு மொழிக்கு மொழி கரையேறின.

துறைமுகங்களிலும் தோட்டங்களிலும் உழைத்த முதியோர் நாவில் இத்தகைய சொற்கள் இன்னும் எஞ்சியிருக்கும். அவர்கள் மறைந்தால் அவையும் மறையும். பாடநூல்கள் அவற்றைக் காத்துத் தாரா. ஆகவே மாணவர்களே, உங்கள் தாத்தா பாட்டியரிடம் கேளுங்கள். கேட்ட சொல்லை, அது வழங்கிய இடத்தோடும் பொருளோடும் எழுதி வையுங்கள். ஆசிரியர்களே, அக்குறிப்புகளை வகுப்பறைக்குள் கொண்டு வாருங்கள். நாமே தொகுக்காவிடில் பிறர் தொகுத்துத் தருவர் எனக் காத்திருத்தல் வீண்.