கழுத்துக் கட்டியும் மனக் கவலையும்

(திருப்பூரை அடுத்த வீரபாண்டியில் நடந்த பொதுக்கூட்டத்தில் பேசியது)



இன்று நம்மைப் பேசும்படி கேட்டுக்கொண்ட விஷயம் அரசியலுமல்ல, புராணமுமல்ல. கழுத்திலோ, அக்குளிலோ, தொடையிடுக்கிலோ புளியங்கொட்டையளவு ஒரு கட்டி கைக்குத் தட்டுப்பட்டால் மனிதன் படுகிற பாட்டைப் பற்றியதாகும். இதற்கு ஒரு கூட்டம் வேண்டுமா என்றால், வேண்டுமென்றே சொல்லுவோம். ஏனெனில், பயம் குடியிருக்கிற இடத்தில்தான் மந்திரக்காரனுக்குப் பிழைப்பு நடக்கிறது.

பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் ஒரு தோழியாரை நாம் அறிவோம். நான்கு வருஷமாக லூபஸ் என்னும் வியாதிக்கு மருந்து சாப்பிட்டு வருகிறார். ஒரு நாள் தலை முழுகும்போது கழுத்தில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. அன்று முதல் தூக்கமில்லை. புற்றுநோயென்று தமக்குத் தாமே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு, இராத்திரிதோறும் அதை அழுத்தி அழுத்திப் பார்த்தார். வெளியே சொன்னால் மகளுக்கு வரன் வராதே என்று இரண்டு மாதம் வாய் திறக்கவில்லை. திறந்தபோது, மாமியார் கூட்டிக்கொண்டு போனது டாக்டரிடமல்ல, கயிறு மந்திரிக்கிறவரிடம். சனிக்கிழமை வாங்கிய வாரச் சம்பளம் அந்தக் கயிற்றுக்குப் போயிற்று.

நிற்க, அந்தக் கட்டிதான் என்ன? நம் உடம்பில் நிணநீர்க் கணுக்கள் என்று சுமார் 600 இருக்கின்றன. இவை ஊர் எல்லையிலுள்ள காவற்சாவடிகள் போன்றவை. காலில் முள் குத்திச் சீழ் பிடித்தால் தொடையிடுக்கில் நெறி கட்டுகிறதல்லவா? அது சாவடியில் காவலர்கள் கூடியிருக்கிறார்கள் என்பதற்கு அடையாளமேயொழிய, ஊர் பறிபோயிற்று என்பதற்கல்ல.

லூபஸ், முடக்குவாதம் போன்ற வியாதிகளிலோ, அந்தக் காவற்படையே வழி தவறிச் சொந்த உடம்பைப் பகையென்று எண்ணித் தாக்குகிறது. எனவே, வெளியிலிருந்து கிருமி வராமலேயே சாவடிகள் வீங்குவதுண்டு. வியாதி உக்கிரமாகும்போது வீங்கி, தணியும்போது வடிவதுமுண்டு. ஆகவே இவ்வியாதிக்காரருக்குக் கட்டி தோன்றுவது அதிசயமுமல்ல, உடனே மரண ஓலையுமல்ல.

இந்தப் பயம் நமக்கு எங்கிருந்து வந்தது? சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் கோயமுத்தூர்ப் பக்கம் பிளேக் வந்தது. நெறி கட்டினவர்கள் பொத்துப் பொத்தென்று செத்தார்கள். ஜனங்கள் என்ன செய்தார்கள்? பிளேக் மாரியம்மன் என்று கோயில் கட்டினார்கள். அதன் கிருமியை எர்சின் என்பவர் 1894-லேயே கண்டுபிடித்துவிட்டார். எலியின் தெள்ளுப்பூச்சி அதைப் பரப்புகிறதென்று சிமோன் என்பவர் 1898-ல் காட்டினார். கிருமியைக் கண்டவருக்கு நம் ஊரில் கோயிலுமில்லை, பூசையுமில்லை!

பொன்னுக்கு வீங்கி என்று குழந்தைக்குத் தாடை வீங்கினால் கழுத்தில் தங்கச் சங்கிலி போடுகிறோம். அது உமிழ்நீர்ச் சுரப்பியின் வீக்கம். பெரும்பாலும் பத்து நாளில் தானே வடிந்துவிடும். பெயர் மட்டும் சங்கிலிக்கு! இந்த முட்டாள்தனம் நமக்கு மாத்திரம் சொந்தமானதல்ல. கண்டமாலை என்னும் கழுத்துக் காசத்துக்கு இங்கிலாந்தில் ராஜா ராணி கை வைத்தால் போதுமென்று நம்பினார்கள். சாமுவேல் ஜான்சன் என்னும் பேரறிஞரைக் குழந்தையாக 1712-ல் ஆன் ராணியிடம் கொண்டுபோனார்கள். ராணி தொட்டுப் பொன் காசும் கொடுத்தார். ஆனால் தழும்பு அவர் சாகும்வரை போகவில்லை.

அதற்காக, எந்தக் கட்டிக்கும் கவலைப்படவே வேண்டாமென்று நாம் சொல்லவரவில்லை. அதுவும் ஒரு மூடநம்பிக்கையே. நம் நாட்டில் கழுத்தில் நாட்பட்டு நிற்கும் கட்டிக்குக் காசம் ஒரு முக்கிய காரணம். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு அது வருவது இன்னும் சுலபம். முடக்குவாதம், ஷோக்ரன் முதலியவற்றில் நிணநீர்ப் புற்று வரும் வாய்ப்பும் மற்றவர்களைவிட அதிகம். ஆனாலும் பெரும்பாலோருக்கு வருவதில்லை. உண்மையை மறைத்துத் தைரியம் சொல்லுவது நம் வேலையல்ல.

ஆகவே அடையாளங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். கட்டி நான்கு வாரத்துக்கு மேல் நின்றாலும், வளர்ந்துகொண்டே போனாலும், கல்லைப்போல் கெட்டியாகி அசையாமல் ஒட்டியிருந்தாலும், காறையெலும்புக்கு மேலே தோன்றினாலும், விடாத ஜுரமோ, பாய் நனையும்படி இராவேர்வையோ, காரணமில்லாத உடல் மெலிவோ சேர்ந்தாலும் தாமதியாமல் டாக்டரிடம் காட்டவேண்டும். ஊசியால் சிறிது உறிஞ்சிச் சோதிப்பார்கள். போதாவிட்டால் கட்டியையே எடுத்துச் சோதிப்பார்கள். ஊசி பட்டால் வியாதி பரவும் என்ற வதந்தியை நம்பாதீர்கள். சோதனைக்குமுன் பேர் தெரியாத பொடியையும் ஸ்டீராய்டு மாத்திரையையும் தாமாக விழுங்கினால், உண்மை மறைந்துபோகக்கூடும். பழைய மருந்தைத் தாமாக நிறுத்துவதும் ஆபத்தே.

காசமென்றே வந்தாலும் அதற்கு மருந்திருக்கிறது. சாதாரணமாக ஆறு மாதம். சர்க்கார் ஆஸ்பத்திரியில் இலவசம். மருந்து சாப்பிடும்போதே கட்டி சிலருக்குப் பெருப்பதுமுண்டு. அதைக் கண்டு பயந்து நிறுத்திவிடக்கூடாது. வீட்டிலிருந்தே காசத்தைக் குணப்படுத்தலாம், தனி ஆஸ்பத்திரியில் கிடக்கத் தேவையில்லையென்று உலகத்துக்கு 1959-ல் காட்டியது நமது சென்னையில் நடந்த ஆராய்ச்சியேயாகும். வேலை போய்விடுமே என்பவர்கள் ஈ.எஸ்.ஐ. சீட்டை எடுத்துப் பாருங்கள். அதற்கான சந்தா நாட்கள் நிறைந்திருந்தால், வருஷத்தில் 91 நாள் வரை 70 சதவிகிதக் கூலி உண்டு. அது பிச்சையல்ல, உங்கள் சம்பளத்தில் பிடித்த பணமும் அதில் சேர்ந்திருக்கிறது.

இனி, கவலைக்கு என்ன வழி? கட்டியைக் கண்ட தேதியையும் அளவையும் ஒரு காகிதத்தில் எழுதிவையுங்கள். மறுபடி தொட்டுப் பார்க்க ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள், நடுவில் தொடாதீர்கள். அழுத்த அழுத்த நோவும் வீக்கமும் கூடும். அதைக் கண்டு பயமும் கூடும். நம்பிக்கையான ஒருவரிடமாவது சொல்லிவிடுங்கள். கைப்போனில் விடிய விடிய வியாதிப் பெயர்களைத் தேடுவது இக்காலத்து ஜோசியம். பழைய ஜோசியனாவது பரிகாரம் சொல்லி அனுப்புவான், இது அதுவும் சொல்லாது! பயத்தால் பல நாள் தூக்கம் கெட்டால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். மனத்துக்கு வைத்தியம் செய்துகொள்வது வெட்கமல்ல. 14416 என்ற எண்ணில் பேசினாலும் ஆலோசனை சொல்லுவார்கள்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. லூபஸ்காரர் பத்துப் பேரில் ஒன்பது பேர் பெண்களே. ஆணுக்கு வந்தால் வியாதி, பெண்ணுக்கு வந்தால் தோஷம் என்று சொல்லும் சமூகத்தில் அவர்கள் வாயை மூடிக்கொள்வது ஆச்சரியமல்ல. முதலில் அந்த வாய்ப்பூட்டை உடைக்கவேண்டியவர்கள் ஆண்களேயாவார்கள்.

அத்தோழியாரின் கட்டியை எடுத்துச் சோதித்தார்கள். புற்றுமல்ல, காசமுமல்ல; லூபஸினால் வந்த வீக்கமே. மருந்தின் அளவை மாற்றியதும் வடிந்தது. கயிற்றுப் பணம் போனது போகட்டும். அந்த இரண்டு மாதத் தூக்கத்தை யார் திருப்பிக் கொடுப்பது? அது காசமாயிருந்திருந்தால், இழந்த காலத்துக்கு யார் ஈடு சொல்லுவது?

ஆகவே தோழர்களே, கட்டியைக் கண்டால் கயிற்றைத் தேடாதீர்கள். காரணத்தைத் தேடுங்கள்.